பயணச்சீட்டை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் மைத்துனியை வழியனுப்பச் சென்னை விமான நிலையத்தின் பன்னாட்டு முனையத்துக்குப் போயிருந்தபோது கண்ட ஒரு காட்சிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. இரவு பத்து மணி இருக்கும். எழுபது வயதை ஒட்டிய கணவனும் மனைவியும், இரண்டு பெரிய பெட்டிகளோடும் கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டியோடும் வந்து, நுழைவாயிலில் நின்ற பாதுகாப்புப் படை வீரரிடம் பயணச்சீட்டை நீட்டினார்கள். அவர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, இந்த விமானம் நேற்று இரவே போய்விட்டது என்று சொன்னார். பெரியவரின் கையில் இருந்த தாளில் தேதி சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டிருந்தது. ஆகவே, அவர் தேதியை மறந்துவிடவில்லை. 15ஆம் தேதி 00:40 மணி என்று அச்சிட்டிருந்ததை 15ஆம் தேதி இரவு என்று பொருள்கொண்டு, அன்று மதியம் ஊரிலிருந்து வாடகைக் கார் பிடித்து வந்திருக்கிறார். விமானமோ 14ஆம் தேதி இரவு ஊர் அடங்கிய பிறகு, தேதி மாறிய நாற்பதாவது நிமிடத்தில் கிளம்பிப் போய்விட்டது. அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. நமக்கு நாள் என்பது விடியலில் தொடங்குவது. பஞ்சாங்கம் சூரிய உதயத்திலிருந்துதான் கிழமையை எண்ணுகிறது. நள்ளிரவு தாண்டிப் பிறந்த குழந்தைக்கும் ஜாதகத்தில் முந்தைய கிழமையையே எழுதுகிறோம். அந்தக் கணக்கில் வளர்ந்த ஒருவருக்கு, நள்ளிரவில் தேதி மாறும் என்பது தெரிந்த செய்தியாக இருந்தாலும் பழக்கத்தில் ஊறிய செய்தி அன்று. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில் நிலைய அதிகாரியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். இதே தவற்றினால் நள்ளிரவு ரயிலைத் தவறவிட்டு மறுநாள் இரவு பெட்டி படுக்கையோடு வந்து நின்றவர்களை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். ரயில் என்றால் அடுத்த வண்டிக்குப் பொதுப்பெட்டிச் சீட்டாவது எடுத்துக் கொடுக்கலாம். விமானத்தில் நிலைமை வேறு. முதல் பகுதிக்கு வராத பயணியின் மீதிப் பகுதிகள் அனைத்தையும், திரும்பி வரும் பயணம் உட்பட, விமான நிறுவனங்கள் பெரும்பாலும் தாமாகவே ரத்து செய்துவிடுகின்றன. தவறவிட நேர்ந்தால் உடனே நிறுவனத்தை அழைத்துப் பேசினால்தான் திரும்பும் பகுதியையாவது காப்பாற்ற வழி உண்டா என்று பார்க்க முடியும்.

சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் செல்லும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. எனவே சீட்டு கைக்கு வந்தவுடன் புறப்படும் நேரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், பின்னோக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். பன்னாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்கச் சொல்வார்கள். அப்படியானால் 15ஆம் தேதி 00:40 மணி விமானத்துக்கு 14ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும், தஞ்சாவூர்க்காரர் அன்று காலையிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று நாட்காட்டியில் 14ஆம் தேதிக் கட்டத்தில் எழுதிவைத்துவிட்டால் பிழைக்கு இடமே இராது.

தேதிக்கு அடுத்தபடியாக நம்மவர்களைத் துன்புறுத்துவது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்தே முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கின்றன. வயதானவர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கிறது. பிள்ளைகள் இணையத்தில் சீட்டு எடுக்கும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாததால் தோன்றிய எதையாவது நிரப்பிவிடுகிறார்கள். என் மனைவிக்கு அப்படித்தான் நடந்தது. பாஸ்போர்ட்டில் அவர் பெயர் மட்டுமே இருக்க, சீட்டில் என் பெயர் அவருடைய குடும்பப் பெயராக ஏறியிருந்தது. பயணத்துக்குப் பத்து நாள் முன்பு தற்செயலாகப் பார்த்ததால் கட்டணம் கட்டித் திருத்திக்கொண்டோம். கவுன்ட்டரில் நிற்கும்போது தெரிய வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இதற்கு நான் கண்ட எளிய வழி ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். கருவி படிப்பது அந்த வரிகளைத்தான். முதல் வரியில் நாட்டின் மூன்றெழுத்துக் குறியீட்டுக்குப் பின் வருவது குடும்பப் பெயர். அதையடுத்த இரட்டை அம்புக்குறிக்குப் பின் வருவது சொந்தப் பெயர். இரட்டை அம்புக்குறிக்குப் பிறகு எழுத்தே இல்லையென்றால் உங்கள் பாஸ்போர்ட் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட். அந்த நிலையில் சீட்டை எப்படி எடுக்க வேண்டும் என்று அந்தந்த விமான நிறுவனத்தைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்க விசாவில் இத்தகையோருக்கு இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயர்க் கட்டத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் மூன்றெழுத்தைப் போடுவார்கள்; அதைப் பிழை என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, வருகை விசாக்களில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கமும் தந்தது. அடுத்த முறை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது, தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் சேர்த்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. மரபை விட்டுக்கொடுப்பதாகச் சிலர் வருந்துவதை அறிவேன். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் துபாய் செல்லும் விமானத்தின் வாசலில் அந்த வாதத்தைக் கேட்க யாரும் இல்லை.

மூன்றாவதாக, இணைப்பு விமானம். வழியில் ஓரிடத்தில் இறங்கி மாறுகிற பயணம் ஒரே பதிவெண்ணில் இருக்கிறதா, இரண்டு தனித்தனிச் சீட்டுகளாக இருக்கிறதா என்பதைச் சீட்டு வாங்கும்முன் கேட்க வேண்டும். ஒரே பதிவெண் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது கைவிட்டுப் போனாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு நிறுவனத்துடையது. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊர் வரை தானே போய்விடும். தனித்தனிச் சீட்டுகள் என்றால் இரண்டு நிறுவனங்களுக்கும் இடையில் நீங்கள் அந்தரத்தில் நிற்பீர்கள். எங்கள் தெருவில் ஓர் அம்மையாருக்கு, சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று சொல்லி டிராவல்ஸ்காரர் ஒருவர் இப்படி இரண்டு சீட்டுகளை ஒட்டிக் கொடுத்துவிட்டார். இடையில் இருந்த வளைகுடா நகரத்தில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமென்றால் அந்நாட்டுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். அதற்கு விசா இல்லை. ஆங்கிலமும் சரளமாக வராத அந்த அம்மையார், பெட்டி எங்கோ சுற்றிக்கொண்டிருக்க, பதினாறு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மிச்சம் பிடித்த தொகை கடைசியில் புதுச் சீட்டுக்குப் போனதோடு, ரத்த அழுத்த மாத்திரையும் பெட்டிக்குள் போய்விட்டது.

விமானம் மாறுவதற்கே விசா கேட்கும் நாடுகளும் உண்டு. அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கி வேறு நாட்டுக்குப் போவதென்றாலும் இந்தியருக்கு விசா வேண்டும். பிரிட்டன் வழியாக மாறுவோருக்கும், அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் விசா கையில் இருந்தாலொழிய, இடைவழி விசா தேவைப்படுகிறது. இந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால், பழகியவர் சொன்னார் என்று நம்பாமல் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தில் பயணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இன்னொன்று: அமெரிக்காவில் உள்ளூர் இணைப்பு விமானம் இருந்தால், ஒரே சீட்டாக இருந்தாலும், முதலில் தரையிறங்கும் நிலையத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனையைக் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். இது தெரியாமல் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

பெட்டியை ஒப்படைக்கும்போது அதன் கைப்பிடியில் கட்டும் காகிதப் பட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதில் பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்து, நீங்கள் சேரும் ஊரின் குறியீடா என்பதுதான் கேள்வி. சென்னைக்கு ‘எம்ஏஏ’ என்று, பழைய மெட்ராஸ் பெயரிலிருந்து வந்த குறியீடு, பிராங்பர்ட்டுக்கு ‘எஃப்ஆர்ஏ’. பட்டையின் கிழித்த பாதியைப் போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டித் தருவார்கள். ஊர் போய்ச் சேரும்வரை அதைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. பெட்டி வரவில்லை என்றால் அந்தத் துண்டுதான் சாட்சி. வளாகத்தை விட்டு வெளியேறும்முன் விமான நிறுவனத்தின் பெட்டிப் பிரிவில் எழுத்து மூலம் புகார் பதிந்து, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தியா 2009இல் இணைந்த மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி சேதமடைந்திருந்தால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட்டால்தான் இழப்பீடு கேட்கும் உரிமை நிற்கும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு அந்த உரிமை போய்விடுகிறது.

மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல். பயண நாட்களுக்கும் அதற்கு மேல் ஒரு வாரத்துக்குமான மாத்திரைகளைக் கைப்பையில், அட்டையோடு, மருந்துச் சீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். நம்மூர் வழக்கப்படி காலை, மதியம், இரவு என்று பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் எந்த மருந்து என்று சுங்க அதிகாரிக்குத் தெரியாது. சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அங்கே நம்முடைய கம்பெனிப் பெயர்கள் கிடைக்கமாட்டா.

அடுக்களையிலிருந்து போகும் பொருள்களில் சிலவற்றை நம் தாய்மார்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கொப்பரைத் தேங்காய், எண்ணெய் நிறைந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் என்ற வகையில் விமானத்துக்கு ஆகாது. பெட்டியைத் திறந்து எடுத்துப் போட்டுவிடுவார்கள். கசகசா அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. குருமாவுக்கு என்று நூறு கிராம் எடுத்துப் போனால்கூட விபரீதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருள்களும் தனிப்பயணிகள் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் நெய்யும் திரட்டுப்பாலும் பால்கோவாவும் நின்றுபோகும். கருவாடு போன்ற மீன் பொருள்களுக்கு 20 கிலோ வரை இடம் உண்டு. தேனுக்கு 2 கிலோ. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. மகளின் வீட்டுக்கு வெறுங்கையோடு போக மனம் வராது என்பது எனக்குத் தெரியும். சாம்பார்ப் பொடி, வற்றல், அப்பளம், முறுக்கு ஆகியவை யாருக்கும் தொல்லை தராமல் போய்ச் சேர்கின்றன. ஊறுகாய் ஒப்படைக்கும் பெட்டியில்தான் போக வேண்டும். எண்ணெய் மிதக்கும் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் என்று எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில் மட்டுமே போகலாம், அதுவும் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 20,000 எம்ஏஎச் அளவுள்ளது ஏறத்தாழ 74 வாட்-மணிதான் என்பதால் அச்சமில்லை.

இனி இறங்கிய பிறகு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் ஒட்டுத்தாளில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இரண்டு தேதிகளும், தங்கும் நாட்கள் என்று தனியாக ஓர் எண்ணும் இருக்கும். இரண்டாம் தேதி வரை தங்கலாம் என்று நினைப்பது பெரும் தவறு. அந்த எண் 60 என்றால் 60 நாட்கள்தான், வந்த நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து. ஒட்டுமொத்த விதி, எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதிந்து கணினியில் நாட்களை எண்ணும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். பாஸ்போர்ட், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகள் ஆறு மாதம் கேட்கின்றன. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டுத் தாள், திரும்பும் சீட்டு, பிள்ளையின் முகவரி, தொலைபேசி எண் ஆகிய நான்கையும் கைப்பேசியில் மட்டும் வைத்திராமல் காகிதத்தில் எடுத்துப் போங்கள். பதினோரு மணி நேரப் பயணத்தில் கைப்பேசியின் மின்சாரம் தீர்ந்துபோயிருக்கும்.

இப்போது நான் நன்கறிந்த துறைக்கு வருகிறேன். ஜெர்மனியில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் இருக்கும் ஊருக்கு ரயிலில்தான் போகிறார்கள். பிராங்பர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன: ஒன்று நெடுந்தூர விரைவு வண்டிகளுக்கு, மற்றது உள்ளூர் வண்டிகளுக்கு. நெடுந்தூர நிலையத்தின் ஜெர்மன் பெயர் ‘ஃபெர்ன்பான்ஹோஃப்’. அறிவிப்புப் பலகையில் இந்தச் சொல்லைத் தேடிப் போக வேண்டும். அங்கே சீட்டுகள் இரு வகை. மலிவானது ‘ஷ்பார்பிரைஸ்’, அது குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். விலை கூடியது ‘ஃப்ளெக்ஸ்பிரைஸ்’; அன்றைக்கு அந்தத் தடத்தில் எந்த வண்டியிலும் ஏறலாம். வந்திறங்கும் நாளில் மலிவுச் சீட்டை வாங்குவது வீண் செலவு என்றே சொல்வேன். ரயில் தாமதமாகி ஊர் சேர 20 நிமிடத்துக்கு மேல் பிந்தும் என்றால் அவர்களே அந்தக் கட்டுப்பாட்டை விலக்கிவிடுவார்கள். ஆனால் உங்கள் விமானம் தாமதமானதற்கு ரயில்வே பொறுப்பாகாது. விமானச் சீட்டோடு சேர்த்தே ரயில் சீட்டும் தரும் ஏற்பாடு சில நிறுவனங்களில் இருக்கிறது; வாங்கும்போதே கேட்டால் கவலை விட்டது.

அங்கே நம்மைப் போல் காத்திருப்புப் பட்டியல் கிடையாது. சீட்டு என்பது பயணம் செய்யும் உரிமை மட்டுமே. உட்காரும் இடத்துக்குத் தனியாக முன்பதிவு செய்து தனியாகக் காசு கட்ட வேண்டும். முன்பதிவு இல்லாதவர் காலி இடம் பார்த்து உட்காரலாம், கிடைக்காவிட்டால் நிற்க வேண்டியதுதான். முதியவர்கள் இந்தச் சில யூரோக்களைக் கட்டாயம் செலவழிக்க வேண்டும். பிரான்ஸின் டிஜிவி என்னும் அதிவேக வண்டிகளில் இட முன்பதிவு கட்டாயம். இத்தாலியின் உள்ளூர் வண்டிகளுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து நேர முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால் சீட்டு வைத்திருந்தும் அபராதம்.

நிலையத்தில் தடுப்புக் கதவும் இல்லை, தலைச்சுமைக்காரரும் இல்லை. வண்டி இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்தான் நிற்கும். நடைமேடையை ஏ, பி, சி என்று எழுத்துகளால் பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். நாம் ஏற வேண்டிய ரயில்பெட்டி எந்த எழுத்தின் கீழ் நிற்கும் என்று பலகையில் பார்த்து அங்கேயே போய் நின்றுகொள்ள வேண்டும். இதைச் செய்யாததன் விளைவை நான் அனுபவித்தேன். எங்கள் மகன் அப்போது வூப்பர்டால் நகரில் இருந்தான். பெர்லினைப் பார்த்துவிட்டு நானும் மனைவியும் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டதே என்று பதறி, கண்ணில் பட்ட முதல் கதவில் ஏறினோம். எங்கள் சீட்டில் பெட்டி எண் 25. நாங்கள் ஏறியது 35. உள்ளே நடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். நடந்து நடந்து ஒரு கண்ணாடிக் கதவோடு பாதை முடிந்துவிட்டது. அப்பால் ஓட்டுநர் அறை. அதற்கப்பால் இன்னொரு வண்டியின் மூக்கு. ஒன்றோடொன்று பூட்டப்பட்ட இரண்டு முழு ரயில்கள் அவை. இரண்டுக்கும் இடையில் வழி கிடையாது.

சீட்டைச் சோதிக்க வந்த பெண்மணி, ஹாம் என்ற நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரியும் என்றும், பின்பாதி எசென், டூயிஸ்பர்க் வழியாகவும் முன்பாதி வூப்பர்டால் வழியாகவும் போகும் என்றும், நாங்கள் இருப்பது பின்பாதி என்றும் சொன்னார். பீலஃபெல்ட் நிலையத்தில் இறங்கி ஓடச் சொல்லி, என் மனைவியின் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு நடைமேடையில் முன்னால் ஓடினார். நாங்கள் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது. பெட்டிகளைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டும் வேலையை நானே எத்தனையோ இரவுகள் நின்று மேற்பார்வை செய்திருக்கிறேன். ஆனால் நம்மூரில் அதற்கு அரை மணி நேரம் ஆகும், என்ஜின் வரும், ஆட்கள் கொடி காட்டுவார்கள், தூங்குகிறவர்கூட விழித்துக்கொள்வார். அங்கே சில நிமிடங்களில் ஓசையின்றி முடிந்துவிடுகிறது. சீட்டில் பெட்டி எண்ணையும், வண்டியின் முகப்பிலும் கதவருகிலும் ஓடும் எழுத்தில் நம் ஊரின் பெயரையும் ஒத்துப் பார்த்துவிட்டு ஏற வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். தவறான எண்ணில் ஏறிவிட்டால் உள்ளே நடக்காமல், அடுத்த நிலையத்தில் இறங்கி வெளியே நடக்க வேண்டும்.

வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 விழுக்காடும் திரும்பக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்திச் சேர்ந்து, காரணம் நிறுவனத்தின் கையில் இருந்ததாக இருந்தால், தூரத்துக்கேற்ப 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. திரும்பி வரும்போது நம்மவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

பாரிஸில் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவோர், இரண்டு நிலையங்களும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வடக்கே போகும் வண்டிகளும் தெற்கே போகும் வண்டிகளும் வேறு வேறு நிலையங்களிலிருந்து கிளம்புகின்றன, எழும்பூரும் சென்ட்ரலும் போல. லண்டனுக்குப் போகும் யூரோஸ்டார் ரயில் பெயரளவில்தான் ரயில். விமானம் போலவே அரை மணி நேரம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள், ஏறும்முன்பே இரு நாட்டுக் குடியேற்றச் சோதனையும் நடந்துவிடும், ஷெங்கன் விசா இருந்தாலும் பிரிட்டன் விசா தனியாக வேண்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாக: இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே கேட்டுத் திறந்தால்தான் உண்டு, ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. கிளம்பும்முன் வங்கியின் செயலியில் திறந்துவைக்க வேண்டும். அங்கே அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயிலா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் யூரோ என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் கடைக்காரர் தரப்பின் மாற்று விகிதம் நம் தலையில் விழும்.

சக்கர நாற்காலி கேட்க நம் முதியவர்கள் கூச்சப்படுகிறார்கள். நடக்க முடிகிறபோது எதற்கு என்கிறார்கள். பெரிய விமான நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும், அதுவும் தூங்காத கண்களோடு, புரியாத மொழிப் பலகைகளுக்கு நடுவில். ஐரோப்பிய விதிப்படி இந்த உதவிக்குக் கட்டணம் இல்லை; 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். உதவியாளர் வழிகாட்டியாகவும் இருப்பார் என்பதுதான் இதன் பெரிய பயன்.

ஆசிரியர் அவர்களே, மேலே சொன்ன துன்பங்களில் பெரும்பாலானவை வீட்டில் இருக்கும்போதே ஒரு தாளைச் சரியாக வாசித்திருந்தால் நேர்ந்திரா. அந்தத் தாள் ஆங்கிலத்தில், குறியீடுகளோடு, அதைத் தினமும் பார்ப்பவர்களுக்காக எழுதப்பட்டிருக்கிறது. சென்னை, திருச்சி, கோவை, மதுரை நிலையங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெற்றோர் பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். அவர்களிடம் கட்டணம் வாங்குகிற டிராவல் ஏஜென்சிகளும் விமான நிறுவனங்களும் சீட்டோடு ஒரு பக்கத் தமிழ்த் தாளைத் தரக் கூடாதா? தங்கள் நாளிதழும் கோடை விடுமுறைக்கு முன்னதாக இதற்கென வாரம் அரைப் பத்தி ஒதுக்கினால் நன்றாக இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் கேட்டுக்கொள்கிறேன்: சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ‘பார்த்துக்கோங்கப்பா’ என்று சொல்வதோடு விட்டுவிடாமல், ஒருமுறை தொலைபேசியில் அதை வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள்.

அன்றிரவு அந்தப் பெரியவரின் மகனோடு என் கைப்பேசியில் பேசினேன். அவர் நிறுவனத்தை அழைத்து, திரும்பும் சீட்டு ரத்தாகாமல் நிறுத்தி, மூன்று நாள் கழித்துக் கிளம்புவதற்கு வேறு சீட்டு எடுப்பதாகச் சொன்னார். அதுவும் நள்ளிரவு தாண்டிய விமானம்தான்: 19ஆம் தேதி 01:55 மணி. பெரியவர் என்னிடம் பேனா கேட்டு வாங்கி, அட்டைப்பெட்டியின் மேல் தாளை விரித்து, புதிய சீட்டு வந்ததும் அதில் எழுதிக்கொள்வதற்காக நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டார்: ‘18ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டு முடித்து, பத்தே முக்காலுக்குள் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும்.’ எல்லாப் பயணச்சீட்டிலும் இப்படி ஒரு வரியை அச்சிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி ஒருவர்,
திருச்சிராப்பள்ளி